இன்னொரு தடவை கேட்டிருந்தால்

செப்டம்பர் 4, திங்கள். டிராப்பானி துறைமுகம்

அறுபத்திரண்டு வயதில் இன்றுதான் முதல் தடவையாகப் படகில் கால் வைத்தேன். தோணித் தண்டலின் மகளுக்கு இது பெருமையா கேவலமா என்று தெரியவில்லை. அப்பா தூத்துக்குடியிலிருந்து கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் பாய்த்தோணி ஓட்டியவர். பெட்டப்பிள்ளை தோணியில் ஏறினால் காற்று மாறிவிடும் என்று எங்களைப் பக்கத்தில்கூட விடமாட்டார். சாப்பாட்டுத் தூக்கைக் கரையில் வைத்துவிட்டுத் திரும்ப வேண்டியதுதான். இன்று நான் ஏறியபோது காற்று ஒன்றும் மாறவில்லை. இந்த ஊர்க் காற்றுக்கு விவரம் தெரியாது போலிருக்கிறது.

படகு கொராதோவுடையது. கொராதோ என்பவன் என் மகள் லவீனா வருகிற சனிக்கிழமை கட்டிக்கொள்ளப்போகும் ஆள். நாற்பத்தொரு வயது. சிசிலிக்காரன். பழைய மரப்படகுகளை வாங்கிப் பழுதுபார்த்து விற்கிறான். முதல் கல்யாணம் முறிந்துபோனவன். அதனால் எங்கள் கத்தோலிக்கக் கோயிலில் பூசை வைத்துக் கட்ட முடியாது. ஃபவிஞ்ஞானா என்ற தீவில் நகராட்சி மண்டபத்தில் கையெழுத்துக் கல்யாணம். பெத்தலகேம் மாதிரி ஒரு மாட்டுக்கொட்டகையாவது பரவாயில்லை, சாமியார் ஒருத்தர் இருந்தால் போதும் என்று நினைத்தேன். அதற்கும் வழியில்லையாம்.

நான் சம்மதம் சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. "வந்து பாக்கேன், பெறகு சொல்லுதேன்" என்றுதான் போனில் சொன்னேன். அதற்காகத்தான் இந்தப் பயணம். ஐந்து நாள் தீவு தீவாகச் சுற்றிவிட்டுக் கடைசியில் ஃபவிஞ்ஞானா. அங்கே நான் அவள் பக்கத்தில் நிற்பேனா, நெற்றியில் சிலுவை போட்டு அனுப்பிவைப்பேனா என்பது யாருக்கும் தெரியாது. படகில் நாங்கள் மூன்று பேர். இந்தக் கேள்வி நாலாவது ஆளாக நடுவில் உட்கார்ந்திருக்கிறது.

பெட்டியைப் பிரித்து அடுக்கினேன். சிவப்புப் பட்டு அடியில் இருக்கிறது. அதற்குப் புது ஜாக்கெட்டும் தைத்திருக்கிறேன். பழையது இறுக்கமாகிவிட்டது, அவ்வளவுதான்.

செப்டம்பர் 5, செவ்வாய். லெவன்சோ

ஊர் என்று சொல்ல ஒரு வரிசை வெள்ளை வீடுகள். அதற்குப் பின்னால் காய்ந்த மலை. தண்ணீர் அப்படியொரு தெளிவு, நங்கூரம் மணலில் கிடப்பது மேலிருந்து தெரிகிறது. கொற்கைத் துறையில் முத்துக் குளித்தவர்கள் இதைப் பார்த்தால் மூழ்காமலே எடுத்திருப்பார்கள்.

காலையில் கொராதோ சின்னக் கெட்டிலில் காப்பி போட்டான். வாசனை என்றால் வாசனை. என் முன்னால் வந்து, லவீனா சொல்லிக்கொடுத்த தமிழில், "அம்மா, காப்பி?" என்றான்.

"இருக்கட்டும்ப்பா, வேண்டாம்" என்றேன்.

தலையை ஆட்டினான். மிச்சமிருந்ததைத் தானே குடித்தான். கெட்டிலைக் கழுவிக் கவிழ்த்துவிட்டான்!

எங்கள் ஊரில் ஒரு வீட்டுக்குப் போய், கேட்டவுடன் "சரி, குடுங்க" என்று சொல்லிப் பார்க்கட்டும். காணாததைக் கண்டவள் என்று பெயர் வாங்கிக்கொண்டுதான் வர வேண்டும். முதல் தடவை வேண்டாம் என்பது மரியாதை. இரண்டாம் தடவை கேட்பது அவர்கள் மரியாதை. மூன்றாவது தடவை டம்ளர் கையில் இருக்கும். இவ்வளவுதான் விஷயம். இதை இவனுக்கு யார் சொல்வது?

மத்தியானம் வரை தலைவலி. லவீனா விவரம் தெரிந்து விழுந்து விழுந்து சிரித்தாள்.

"எம்மா, இங்க வேணும்னா வேணும்னு வாயத் தொறந்து சொல்லணும். அவன் மேல தப்பில்ல. நான்தான் சொல்லி வச்சிருக்கேன், எங்கம்மா ஒரு தடவ சொன்னா சொன்னதுதான், திருப்பித் திருப்பிக் கேட்டா பிடிக்காதுன்னு."

"அது காப்பிக்குமாட்டி?"

"எல்லாத்துக்கும்னுல்லா நெனச்சேன்."

நெனச்சதில் தப்பில்லை. முப்பத்து மூன்று வருடம் பி.டி. டீச்சராக இருந்தேன். மெற்றில்டா டீச்சர் விசில் ஒரு தடவைதான் ஊதும் என்று பள்ளிக்கூடம் முழுக்கப் பேச்சு. வீட்டிலும் அப்படித்தான். லவீனா அப்பா உயிரோடு இருந்தபோது, "உங்கம்மா கிட்ட அப்பீலே கெடையாது" என்று இவளிடம் சொல்லிச் சிரிப்பார். அந்த விசில் இப்போதும் கைப்பையில் கிடக்கிறது. பழக்கம்.

செப்டம்பர் 6, புதன்

லெவன்சோவிலிருந்து மரேத்திமோ. வழியெல்லாம் வாந்தி. தண்டல் மகள் என்று இனி யாரிடமும் சொல்வதாக இல்லை.

செப்டம்பர் 7, வியாழன். மரேத்திமோ

உடம்பு தேறிவிட்டது. மூன்று தீவுகளில் இதுதான் தூரத்துத் தீவு. கடலுக்குள்ளிருந்து மலை நெட்டுக்குத்தாக எழுந்து நிற்கிறது. அடிவாரத்தில் ஒரு துண்டு ஊர். சுற்றிலும் குகைகள். பாயைச் சுருட்டிவிட்டு எஞ்சினை மெதுவாக ஓட்டி ஒவ்வொரு குகை வாசலுக்கும் கொண்டுபோனான் கொராதோ. உள்ளே தண்ணீர் நீலமாக இருக்கிறது. மேலே பாறையில் அந்த நீலம் ஆடுகிறது. லவீனா முன்னால் படுத்துக்கொண்டு பாறை வருகிறதா என்று பார்த்துக் கையைக் காட்ட, அவன் அந்தக் கையை மட்டும் பார்த்துத் திருப்புகிறான். ஒரு வார்த்தை பேசவில்லை இரண்டு பேரும். எனக்கும் அவருக்கும் ஸ்கூட்டரில் போகும்போதே சண்டை வரும்.

திரும்பி வரும்போது தென்கிழக்கிலிருந்து சூடாக ஒரு காற்று அடித்தது. "சிரோக்கோ" என்றான். எங்களுக்கும் பெயர் உண்டு என்று வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எல்லாம் திசையோடு சொன்னேன். அவன் ஒவ்வொன்றாகத் திருப்பிச் சொன்னான். கச்சானை அழகாகச் சொன்னான். அப்பா சொன்ன காற்றின் பெயர்களை என் வாயிலிருந்து கேட்க இத்தனை வருடத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. அவன் கேட்காமலே எல்லாவற்றையும் இன்னொரு தடவை சொன்னேன். 

லவீனா கீழே சமையல் செய்துகொண்டிருந்தாள். இதுதான் சமயம் என்று கேட்டுவிட்டேன். அவன் ஆங்கிலமும் என் ஆங்கிலமும் ஒன்றுக்கொன்று சளைத்தவை அல்ல, ஆனாலும் புரிந்துகொண்டோம். முதல் மனைவி ஏன் போனாள்?

ஒளிக்கவில்லை. இரண்டு பேருக்கும் சின்ன வயசு என்றான். ஒருநாள் அவள் போகிறேன் என்றாளாம். அது அவள் விருப்பம் என்று இவன் பெட்டியைத் தூக்கிக் கொடுத்தானாம். இரண்டு வருடம் கழித்து எங்கோ பார்த்தபோது, "போகாதே என்று நீ ஒரு தடவை சொல்லியிருந்தால் இருந்திருப்பேன்" என்றாளாம்.

மடையா, சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவனுக்குப் புரியவில்லை. நன்றி என்றான்.

சாயங்காலம் இரண்டு பேரும் கடலில் குதித்து நீந்தினார்கள். லவீனா தலையை நீட்டி, "எம்மா, நீயும் எறங்கு. நான் புடிச்சுக்கிடுதேன்" என்றாள்.

"நான் எதுக்குட்டி, இந்த வயசுல."

சொல்லும்போதே ஒரு கால் ஏணியில் இருந்தது. கடலோரத்தில் பிறந்து கடலில் ஒருநாளும் இறங்காதவள் நான். அவள் "சரிம்மா" என்று திரும்பி நீந்திப் போய்விட்டாள். கொஞ்ச நேரம் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பாதம் மட்டும் நனைந்தது. பிறகு மேலே வந்து துணிகளை மடித்தேன்.

செப்டம்பர் 8, வெள்ளி. ஃபவிஞ்ஞானா

இன்று மாதா பிறந்தநாள். ஊரில் இருந்தால் விடியற்காலைப் பூசைக்குப் போயிருப்பேன்.

துறைமுகம் நிறையப் படகுகள். கரையோரம் கட்ட இடமில்லை. நடுவில் நங்கூரம் போட்டிருக்கிறோம். கரைக்குப் போகச் சின்ன ரப்பர் படகு ஒன்று, பின்னால் கட்டி இழுத்து வந்தது. துறைக்கு நேர் எதிரே நகராட்சி மண்டபம். மாடியில் நீளமான பால்கனி. நாளைக்கு அங்கேதான்.

மத்தியானம் கொராதோவின் அம்மா நுன்சியா வீட்டில் சாப்பாடு. என் வயசுதான் இருக்கும், கறுப்பு உடுப்பு, கட்டையான உருவம், சத்தமான குரல். ஆங்கிலம் ஒரு சொல் தெரியாது. வாசலிலேயே என் கன்னம் இரண்டையும் பிடித்து முத்தமிட்டாள். சுவரில் மாதா படம், முன்னால் மெழுகுவர்த்தி எரிகிறது. நான் சிலுவை போட்டதைப் பார்த்து, தன் மகன் பக்கம் திரும்பி என்னவோ படபடவென்று பொரிந்தாள். லவீனா மொழிபெயர்த்தாள். "கோயில்ல கட்ட முடியலியேன்னு அவுங்களும் ஒரு வருசமா அழுதாங்களாம். பெறகு, மாதா எல்லாத்தையும் பாத்துக்கிடுவான்னு விட்டுட்டாங்களாம்."

நான் ஒருத்திதான் சுமக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சூரை மீன், கத்தரிக்காய், தக்காளி என்று வந்துகொண்டே இருந்தது. போதும் என்று தட்டை மறைத்துக் கை வைத்தேன். நுன்சியா என் கையைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டுப் பரிமாறினாள். மறுபடி கை வைத்தேன். மறுபடி தூக்கினாள். மூன்றாவது தடவை சிரிப்பு வந்துவிட்டது. இவள் எங்கள் ஊர்க்காரிதான், கடல் கொண்டுவந்து இங்கே போட்டுவிட்டது. நான்கு நாளில் இன்றுதான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். அந்த மேசையில் வைத்தே மனசு இறங்கிவிட்டது என்று இங்கே எழுதுவதற்கு என்ன, எழுதுகிறேன். கல்யாணத்துக்குப் போகலாம் என்று தீர்மானித்துவிட்டேன்.

சாயங்காலம் படகுக்குத் திரும்பினோம். கொராதோ முன்னால் கயிறு சுற்றிக்கொண்டிருந்தான். லவீனா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். விரல் நகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"எம்மா, நாளைக்குப் பத்து மணிக்கு. நீ வருவியா?"

நான்கு நாள் காத்திருந்த கேள்வி. வாரேன்ட்டி என்பதுதான் பதில். ஆனால் கேட்ட மாத்திரத்தில் தலையாட்டினால் இத்தனை மாதம் முறுக்கிக்கொண்டு இருந்ததற்கு என்ன அர்த்தம்?

"நான் எதுக்கு? எனக்கு அங்க என்ன வேல? நீங்க போய்ட்டு வாங்க."

 நான் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அடுத்த கேள்விக்குப் பதில் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"சரிம்மா" என்று எழுந்து போனாள்.

அவசரமில்லை. காலையில் இன்னொரு தடவை கேட்பாள். ஒரு அம்மாவைக் கூப்பிடாமல் எந்தப் பிள்ளையாவது போகுமா?

செப்டம்பர் 9, சனி. காலை

ஐந்தரைக்கே எழுந்து தலைக்குக் குளித்தேன். கதவைச் சாத்திக்கொண்டு பட்டைக் கட்டிக்கொண்டிருக்கிறேன். இந்த அறையில் நிமிர்ந்தால் தலை இடிக்கிறது, குனிந்தால் மடிப்பு கலைகிறது. வெளியே அவளும் சேலை கட்டுகிறாள். வெள்ளைச் சேலை. மடிப்புப் பிடிக்க அவன் உதவுகிறான் போல, கீழே விடாதே, மேலே தூக்காதே என்று ஒரே சிரிப்பு. கொசுவம் பிடிக்க என்னைக் கூப்பிட்டால் என்ன குறைந்தா போய்விடும்?

கதவு தட்டுகிறாள்.

மத்தியானம்

கதவைத் தட்டியவள், "எம்மா, ஊக்கு இருக்கா?" என்றாள்.

ஊக்கு ஒரு சாக்கு என்றுதான் நினைத்தேன். நான் பாதி கட்டியிருந்தேன். முந்தானை இன்னும் தோளுக்கு வரவில்லை. இப்படிப் பார்த்தால், கூப்பிடும் முன்பே கிளம்பி நிற்கிறாள் என்று சிரிப்பாளே என்று கூச்சம். கதவைக் கையளவு திறந்து ஊக்கு அட்டையை மட்டும் நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். போகவில்லை. அந்தச் சந்து வழியாக அவள் நெற்றி தெரிந்தது. பொட்டில்லாமல், வெறுமையாக, கொஞ்சம் குனிந்த மாதிரி. கையை நீட்டியிருந்தால் கட்டைவிரல் பட்டிருக்கும். நான் கேள் கேள் என்று உள்ளுக்குள் சொல்லிக்கொண்டு நின்றேன்.

"தாங்க்ஸ்மா. நாங்க போய்ட்டு வாரோம்" என்றாள்.

அவசர அவசரமாக முந்தானையை மடித்துக் குத்தி, சங்கிலியைப் போட்டு, நேற்று நுன்சியா வீட்டு வாசலில் பறித்த பூவைத் தலையில் செருகி, மேலே ஏறி வந்தேன். ரப்பர் படகு பாதித் துறையைத் தாண்டியிருந்தது. அவன் ஓட்டுகிறான். அவள் முதுகு காட்டி உட்கார்ந்து சேலை நனையாமல் தூக்கிப் பிடித்திருக்கிறாள். எஞ்சின் சத்தத்தில் நான் கூப்பிட்டது எனக்கே கேட்கவில்லை.

இறங்கிப் போக வேறு படகில்லை. நீச்சல் தெரியாது. நேற்று முன்தினம் இறங்கச் சொன்னாள், இறங்கியிருந்தால் மட்டும் என்ன, பட்டுச் சேலையோடு நீந்தவா முடியும்?

கைப்பையிலிருந்து விசிலை எடுத்து ஊதினேன். ஒரு தடவை இல்லை. எத்தனை தடவை என்று தெரியாது. மூச்சு வாங்க வாங்க ஊதினேன். இரண்டு கடற்புறா பறந்தது. கரையில் காப்பிக் கடை வாசலில் இருந்த வெள்ளைக்காரர்கள் என்னைப் பார்த்து எழுந்து கையசைத்தார்கள். ஒருவன் கோப்பையை உயர்த்திக் காட்டினான். சிவப்புப் பட்டுக் கட்டிக்கொண்டு ஒருத்தி படகில் நின்று விசிலடித்தால், கல்யாணத்தைக் கொண்டாடுகிறாள் என்றுதானே நினைப்பார்கள்.

பிறகு பால்கனியில் ஆட்கள் வந்து நின்றார்கள். வெள்ளையாக ஒரு சின்ன உருவம். கைதட்டும் சத்தம் தண்ணீர் மேல் தாமதமாக வந்தது. நான் வெயிலில் நின்று இந்தப் பக்கத்திலிருந்து காற்றில் சிலுவை போட்டேன். அந்தத் தூரத்துக்கு அது போய்ச் சேர்ந்ததா என்று ஆண்டவருக்குத்தான் தெரியும்.

ரப்பர் படகு திரும்பி வந்தபோது நுன்சியாவும் அதில் இருந்தாள், மடியில் மூடிய தட்டோடு. லவீனாதான் முதலில் ஏறினாள். என்னைப் பார்த்தாள். சேலையைப் பார்த்தாள். தலையில் நான் வைத்திருந்த பூவைப் பார்த்தாள்.

"எம்மா… நீ வாரதா இருந்தியா?"

"நீ ஏம்ட்டி இன்னொரு தடவ கேக்கல?"

"ஒரு தடவ சொன்னா சொன்னதுதான்னு நீதானம்மா சொல்லிச் சொல்லி வளத்த." அவளுக்கு உதடு கோணிக்கொண்டது. "கதவுக்கு முன்னால நின்னேன். இன்னொரு தடவ கேட்டு, நீ இன்னொரு தடவ வேண்டாம்னு சொல்லிட்டா அதோட என்னால போயி நிக்க முடியாதுன்னு நெனச்சேன்."

அவள் தலையைப் பிடித்துக் குனியவைத்து நெற்றியில் சிலுவை போட்டேன். ஒன்று போதாது என்று இன்னொன்று போட்டேன். அழுதாள், நானும் அழுதேன். கொராதோ என்ன செய்வது என்று தெரியாமல் கயிற்றை அவிழ்த்து மறுபடி கட்டினான். முடிந்த கல்யாணத்துக்கு அனுப்பிவைக்கிறேன். பந்தியெல்லாம் எழுந்தபிறகு இலை போட்ட கதை.

நுன்சியா தட்டைத் திறந்து பாதாம் பலகாரம் ஒன்றை நீட்டினாள். வேண்டாம் என்று தலையாட்டினேன். என் வாயைத் திறந்து ஊட்டிவிட்டாள்.

செப்டம்பர் 10, ஞாயிறு

காலையில் கொராதோ, "அம்மா, காப்பி?" என்றான். குடு என்றேன். லவீனா என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். காப்பி நன்றாகத்தான் இருந்தது. எனக்குத்தான் இறங்கவில்லை.

செப்டம்பர் 27, புதன். தூத்துக்குடி

கல்யாணப் படம் போனில் வந்தது. பால்கனியில் இரண்டு பேரும் நிற்கிறார்கள். அவள் சிரிக்கிறாள், ஆனால் கண் கேமராவைப் பார்க்கவில்லை. ஒரு கொசுவம் முன்னால் இறங்கித் தொங்குகிறது. நான் பிடித்திருந்தால் இறங்கியிருக்காது. பின்னால் துறைமுகமும் படகுகளும்.

பெரிதாக்கிக் கண்ணாடி போட, பெரிய கோயில் பக்கத்து ஸ்டுடியோவுக்குக் கொண்டுபோனேன். ஸ்டுடியோ வைத்திருக்கிற டெரன்ஸ் என்னிடம் படித்தவன், ரிலே ஓடியவன். கம்ப்யூட்டரில் போட்டுப் பெரிதாக்கிப் பார்த்தான்.

"மாப்ள நல்லா இருக்காரு டீச்சர். நீங்க எங்க, படத்துலயே காணோம்?"

 அவன் இன்னும் பெரிதாக்கினான்.

"பின்னால ஒரு படகுல செவப்பா என்னமோ புள்ளி மாதிரி விழுந்திருக்கு. எடுத்துரட்டுமா?"

கிட்டே போய்ப் பார்த்தேன். பாக்கு அளவுகூட இல்லை. முகம் கை எதுவும் தெரியவில்லை. சிவப்பு மட்டும்.

"வேண்டாம்" என்றேன்.

"ஒரு நிமிசத்து வேல டீச்சர். எடுத்துட்டா படம் சுத்தமா இருக்கும். எடுத்துரட்டா?"

பாவம், முறையாக இரண்டாம் தடவை கேட்கிறான். நல்லபடியாக வளர்ந்த பிள்ளை.

"வேண்டாம்னா வேண்டாம்தான்லே" என்றேன். "அது இருக்கட்டும்."